ஆசையம்மாவின் உடம்பில் நான் போட்ட கோடு

போன கிழமை எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் என் பழைய பட்டப்பெயரை மறுபடியும் கிளப்பிவிட்டீர்கள். கிளப்பியது யாரென்று தெரியும். முன்வாங்கில் இருந்துகொண்டு பின்வாங்கில் நடப்பதையெல்லாம் ரீச்சருக்குச் சொல்லிக் கொடுத்தவள்தான். 'சத்திக்காரி எங்கே, ஆளைக் காணேல்லை' என்று போட்டு, பக்கத்தில் சிரிக்கிற முகங்கள் எட்டு.

ஆறாம் வகுப்பில், விஞ்ஞான பாடத்தின் நடுவில், நான் சத்தி எடுத்து மேசை முழுக்க வாந்தியாக்கியது உண்மை. அதற்கு நீங்கள் இத்தனை வருடமாகச் சொல்லி வருகிற காரணம் மட்டும் பிழை. கன்ரீன் வடையில் ஒரு குறையும் இருக்கவில்லை. எங்கள் எல்லாருக்கும் முப்பது நெருங்குகிறது. வேறு ஊர்களில் இது ஒரு வயதே இல்லை. நாங்கள்தான் நடுவில் யுத்தத்தின் கடைசிச் சில மாதங்களை வருடங்களாக எண்ணி வந்த ஆட்கள், ஆகவே நான் என்னைக் கிழவி என்று சொன்னால் மறுக்காதீர்கள். கிழவிக்கு இனி என்ன வெட்கம், சொல்லிவிடுகிறேன்.

இடம்பெயர்ந்திருந்த நாங்கள் எங்கள் ஊர் அக்கராயனுக்குத் திரும்பி வந்து இரண்டாவது சிறுபோகம், வெயில்கால நெல் விதைப்பு. ஊருக்குள் கரண்ட் போஸ்ட் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள், கம்பி இழுக்கவில்லை. போஸ்டுகளில் காகம் இருந்தது, ஆடு உரசியது, நாங்கள் ஒளித்துப் பிடித்து விளையாடினோம். அந்த வருடம்தான் ஆசையம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது.

ஆசையம்மா அம்மாவின் தங்கச்சி. கலியாணம் கட்டவில்லை. எங்களோடேயே இருந்தார். ஊரில் பாதிப் பெண்களுக்குச் சட்டை தைத்தது அவர்தான். தகரக் கொட்டிலில் ஒரு கால்மிதி மெஷின், ஒரு பெட்டி நிறைய நீலச் சோக்கு, கழுத்தில் எப்போதும் ஒரு அளவு நாடா. பகிடி சொல்லாமல் ஒரு சட்டையையும் தைத்து முடிக்கமாட்டார். இடப்பக்க மார்பை எடுத்துவிட்டார்கள், பிறகு மருந்து ஏற்றினார்கள், தலைமயிர் கொட்டியது. அதற்குப் பிறகும் அந்த வாய் ஓயவில்லை.

எடுத்த பக்கத்துக்கு உள்ளே வைக்கத் தானே ஒரு துணிப்பந்து தைத்தார். இலவம்பஞ்சு வைத்தால் பாரம் காணாது, ஒரு பக்கம் மேலே ஏறி நிற்கிறது என்று சொல்லிப் பயறு போட்டுப் பார்த்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்று அங்கேயும் இங்கேயும் திரும்பினார்.

"பாரம் சரிதான் அக்கா. வேர்த்து முளைச்சால்தான் கரைச்சல்."

அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறிக் குசினிக்குள் ஓடினார். அன்றைக்குத்தான் ஆசையம்மா அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

"இஞ்ச பாருங்கோ எல்லாரும். இந்த வீட்டில எனக்காக ஆர் அழுதாலும் ஆட்டுக்கு ஒரு கட்டுக் குழை வெட்டவேணும். ஒரு அழுகைக்கு ஒரு கட்டு. அத்தானுக்கும் சேர்த்துத்தான்."

அத்தான் என்றது என் அப்பாவை. அப்பா சரியென்று தலையாட்டினார். வேலிக்கரையில் வரிசையாகப் பூவரசு நின்றது. கொக்கத்தடியைப் போட்டு இழுத்து, கட்டாகக் கட்டி, ஆட்டுக் கொட்டிலில் தொங்கவிட வேண்டும். முதல் மாதம் அம்மா வெட்டிய குழைக்கு அளவில்லை. எங்கள் கறுத்த ஆடு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. யாராவது வந்து, ஆடு என்ன இப்படி வளருது என்று கேட்டால், ஆசையம்மா அம்மாவைக் கையால் காட்டுவார்.

நல்ல சட்டமாகத்தான் இருந்தது. நானும் சிரித்தேன். பிறகு வந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மருந்து முடிந்ததும் கதிர் சிகிச்சை. ஊரில் அதற்குக் 'கரண்ட் பிடிக்கிறது' என்று பெயர். யாழ்ப்பாணப் பக்கத்து ஆஸ்பத்திரியில் திங்கள் தொடக்கம் வெள்ளி வரை, ஐந்து கிழமைகள். வார்ட்டில் தங்கவேண்டும், வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வரலாம். முதல் வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதும் படலையடியில் நின்று, போஸ்டை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஊருக்கு முதல் எனக்குக் கரண்ட் வந்திட்டுது."

அன்றைக்குக் கிணற்றடி மறைப்புக்குள் எனக்குக் கோடுகளைக் காட்டினார். நெஞ்சின் இடப்பக்கத்தில் ஊதா மையால் ஒரு பெட்டி. மேலே காறையெலும்புக்குக் கீழே ஒரு கோடு, நடுநெஞ்சில் நெடுக ஒன்று, கீழே ஒன்று, கமக்கட்டுப் பக்கம் ஒன்று. மூலைகளில் சின்னச் சின்னச் சிலுவைகள். நடுவில் தையல் தழும்பு.

"காணிக் கந்தோர்க்காரர் வந்து அளந்து எல்லை போட்டிட்டினம். இனி ஒருத்தரும் உரிமை கேட்டு வரேலாது," என்றார். பிறகு தழும்பைத் தடவிப் பார்த்து, "தையல் பரவாயில்லை. மடிப்பு வைச்சுத் தைச்சிருக்கலாம்."

ஒரு விஷயத்தில் மட்டும் பகிடி விடவில்லை. அந்தக் கோடுகளுக்கு உள்ளேதான் கதிர் போகும், வெளியே போகக்கூடாது. ஐந்து கிழமையும் அது அழியக்கூடாது. நெஞ்சில் தண்ணீர் படக்கூடாது, சவர்க்காரம் கூடாது, துவாயால் தேய்க்கக்கூடாது. ஈரத்துணியால் கை காலைத் துடைத்துக்கொண்டு வேர்வையோடு கிடந்தார். வெயில் காலத்தில் இரண்டு நேரம் முழுகுகிற மனுசி.

திங்கள் விடிய அப்பா மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய்க் கிளிநொச்சியில் பஸ் ஏற்றிவிடுவார். அப்பாவுக்குப் பகிடி வராது. வராத மனிதர் ஒரு கிழமை முழுக்க வயலில் நின்று ஒன்றை யோசித்து வைத்திருந்து, பஸ் வந்தபிறகு சொல்லத் தொடங்குவார். முடிவதற்குள் பஸ் வெளிக்கிட்டுவிடும். அடுத்த வெள்ளி ஆசையம்மா இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "அத்தான், அந்தப் பகிடியின்ரை மிச்சம் என்ன?"

மூன்று கிழமை இப்படிப் போனது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை பக்கத்து வளவு மாமி செத்துப்போனார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் முடிந்துவிட்டது. புற்றுநோய் தொற்றும் என்று நினைத்து ஊரில் பலர் ஆசையம்மாவுக்கு எறிகிற கப்பில் தேத்தண்ணி கொடுத்த நேரம், அந்த மாமி ஆசையம்மா குடித்து வைத்த மிச்சத்தை எடுத்து எல்லாருக்கும் முன்னால் குடித்தவர். ஆகவே ஆசையம்மா செத்தவீட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்று நின்றார். போனார். ஒப்பாரி வைத்த பெண்களோடு கட்டிப்பிடித்து இருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் பிரேதம் எடுத்த பிறகு வீட்டுக்கு வந்தோம். செத்தவீட்டுக்குப் போய் வந்தால் தலைக்கு முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. உங்கள் வீடுகளிலும் அதுதானே. எத்தனை இடம் பெயர்ந்து, எத்தனை கூடாரத்தில் இருந்தும் அம்மா இதை விட்டதில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் ஒரு கை தண்ணியையாவது தலையில் தெளித்துத்தான் உள்ளே விட்டார். கிணற்றடியில் அம்மா வாளியால் அள்ள அள்ள, நானும் ஒன்றுவிட்ட பெரியம்மாவும் வரிசையில் நின்று முழுகினோம். ஆசையம்மா தள்ளி வாழைக்குப் பக்கத்தில் நின்றார்.

"நான் தோயேலாது அக்கா. தெரியுந்தானே."

"தெரியும். அதுக்காகச் செத்தவீட்டுக்குப் போயிட்டு அப்பிடியே உள்ளுக்குப் போறதே? நீ இருக்கிற நிலைக்கு உனக்குத்தான் முதல் தோயவேணும்." அம்மாவின் குரலில் பயம்தான் இருந்தது. "தலைக்கு மட்டும். நான் பாத்து ஊத்துறன். குனிஞ்சு நில்லு."

ஆசையம்மா கழுத்தைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு குனிந்தார். அப்போதுதான் முளைத்துவந்த கட்டை மயிரில் முதல் வாளியைக் கொஞ்சம் கொஞ்சமாக அம்மா ஊற்றினார். அது நன்றாகத்தான் போனது. இரண்டாவது வாளி ஊற்றும்போது பெரியம்மா ஏதோ கேட்டார், அம்மா திரும்பிப் பதில் சொன்னார், கை தன் பழக்கத்தில் முழுவதையும் கவிழ்த்துவிட்டது. ஆசையம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார். தண்ணீர் கழுத்தால் இறங்கி முன்பக்கம் முழுக்கப் போனது. அம்மா பதறிக்கொண்டு துவாயை இழுத்து நெஞ்சைத் துடைத்தார். தேய்த்துத் துடைத்தார்.

துவாய் ஊதாவாக இருந்தது.

அறைக்குள் போய்ப் பார்த்தோம். கீழ்க்கோடும் பக்கக்கோடும் வெளிறிப்போய்க் கிடந்தன. மேல்கோட்டையும் நடுநெஞ்சுக் கோட்டையும் காணவே இல்லை.

அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். "என்ரை கையால செய்தனே, என்ரை கையால செய்தனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆசையம்மா முதல்முறையாகப் பகிடி ஒன்றும் சொல்லவில்லை.

"வார்ட்டில ஒரு அக்கா சொன்னவா," என்றார். "கோடு அழிஞ்சால் திரும்ப முதலில இருந்து படம் எடுத்து, அளந்து, வரிசையில நிக்கவேணுமாம். ரெண்டு மாதம் செல்லுமாம்."

"ரெண்டு மாதம் விட்டால் அது திரும்பி வந்திடுமே?" என்றார் அம்மா.

ஆசையம்மா ஊதா படிந்த துவாயை எடுத்து மடித்தார்.

அப்பாவுக்குச் சொல்வதில்லை என்று அம்மா முடிவெடுத்தார். அப்பா நேரே போய் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லிவிடுவார் என்ற பயம். ஞாயிறு மத்தியானம் அப்பா வயலுக்குப் போனபிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு அம்மா என்னைப் பார்த்தார்.

"நீதானே பள்ளிக்கூடத்தில அடிமட்டம் இல்லாமல் கோடு போடுறனீ."

ஆம். உங்களுக்கு நினைவிருக்கும். கரும்பலகையில் அட்டவணை கீறவேண்டும் என்றால் ரீச்சர் என்னைத்தான் கூப்பிடுவார். ஒரு மூலையில் சோக்கை வைத்தால் மற்ற மூலை வரை ஒரே இழுப்பு. அந்தக் காலத்தில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான்.

தொண்டு நிறுவனம் ஒன்று எல்லாருக்கும் தந்த புத்தகப் பைக்குள் நான்கு நிற மார்க்கர்கள் இருந்தனவே, அதில் ஊதாவை எடுத்துவந்தேன். ஆசையம்மா பாயில் மல்லாந்து படுத்தார். தகரக் கூரை கொதித்தது. அம்மா கைக்கண்ணாடியைப் பிடித்தார். மேல்கோடு காறையெலும்பில் இருந்து மூன்று விரல் கீழே என்றார் அம்மா. இல்லை, இரண்டு விரல் என்றார் ஆசையம்மா. அளவு நாடாவை வைத்தார்கள், எடுத்தார்கள். நடுநெஞ்சுக் கோடு சரியாக நடுவிலா, கொஞ்சம் இடப்பக்கமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான் ஒருமுறைதான் பார்த்தவள். இரண்டு பேரும் கடைசியில் என்னைப் பார்த்தார்கள். பதினொரு வயதுப் பிள்ளையைப் பார்த்தார்கள்.

"நடுவில," என்றேன்.

"மூச்சை விடாமல் போடு," என்றார் ஆசையம்மா. "சோக்கால போடேக்க நான் சொல்லித் தந்தனான் எல்லே, அப்பிடி. சட்டையெண்டு நினை." மார்க்கர் பட்டதும் நெளிந்தார். "கூசுதடி. கெதியாப் போடு, சிரிச்சால் வளைஞ்சிடும்."

நான் சிரித்துக்கொண்டே போட்டேன். ஒரே இழுப்பு, தழும்பு மேட்டில் ஏறி இறங்கிய இடத்தில்கூட நடுங்கவில்லை. மூலையில் சிலுவையும் போட்டேன். அம்மா கண்ணாடியைத் திருப்பிக் காட்ட, ஆசையம்மா பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்காரரை விட வடிவாப் போட்டிருக்கிறாள்" என்றார். எனக்கு அன்று பின்னேரம் முழுக்க அந்தப் பெருமை. அதை நான் மறைக்கப்போவதில்லை. சந்தோசமாக இருந்தேன்.

திங்கள் விடிய ஆசையம்மா போய்விட்டார்.

அதே திங்கட்கிழமைதான் விஞ்ஞான சேர் மூன்று மட்டைகளில் துளை போட்டுக் கொண்டுவந்தார். துளைகள் நேராக இருந்தபோது மறுபக்கத்தில் மெழுகுதிரி வெளிச்சம் தெரிந்தது. பிறகு ஒருத்தியைக் கூப்பிட்டு நடு மட்டையைச் சற்றே தள்ளச் சொன்னார். தள்ளியது நீதான், முன்வாங்குக்காரி. ஒரு விரல் அளவுதான் தள்ளினாய். வெளிச்சம் இல்லாமல் போனது.

"ஒளி நேர்கோட்டிலதான் போகும். வளைஞ்சு உங்களைத் தேடி வராது," என்றார் சேர். "காட்டின இடத்துக்குத்தான் போகும். எல்லாக் கதிரும் அப்பிடித்தான்."

நான் கையைத் தூக்கினேன். "சேர், நெஞ்சில இடப்பக்கம் என்ன இருக்கு?"

நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். சேரும் சிரித்துக்கொண்டு, "இதயம்தான். உனக்கு மட்டும் வேற பக்கத்திலயோ?" என்றார்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். மேசையைக் கழுவ வாளி கொண்டுவந்தது யாரென்றுதான் எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, கோடு பிழைச்சிருந்தால் என்ன நடக்கும்?" அம்மா சுளகை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "வாயை மூடு. இதை அப்பாட்டைச் சொல்லிப்போடாதை," என்றார். பிறகு கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு வேலிக்கரைக்குப் போனார். பொழுதுபடும்போது கொட்டிலில் மூன்று கட்டுக் குழை தொங்கியது. ஒருவரும் கேட்காமலே வெட்டியது. அப்பா அதை எண்ணிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் அழுதது பள்ளிக்கூட மலசலகூடத்துக்குள். வீட்டில் அழுதால் குழை வெட்டவேண்டும், குழை வெட்டினால் ஏன் அழுதாய் என்று அப்பா கேட்பார், கேட்டால் சொல்லவேண்டும். எனக்கு இப்போதும் கோபம் வருவது இதில்தான். சிரிப்பைச் சட்டமாக்கி வைத்த வீட்டில் பயந்தவள் எங்கே போவாள்? எங்களைத் தூக்கி நிறுத்தத்தான் ஆசையம்மா அதைச் செய்தார், அது தெரியும். ஆனாலும் அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு தரமும் வகுப்பு மணி அடிக்கும்போது, இப்போது ஆசையம்மா மெஷினுக்குக் கீழே படுத்திருப்பார், நான் போட்ட கோட்டால் அது உள்ளே போகும் என்று நினைத்தேன். ஒருவருக்கும் சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு, சந்தியில் திரும்பாமல் வாய்க்கால் கரையால் வயலுக்குப் போனேன். அன்றைக்கு அப்பாவின் தண்ணீர் முறை. குளத்துத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருகிற நாள், கிழமையில் ஒன்றுதான். அப்பா முழங்கால் வரை சேற்றில் நின்று வரம்பை வெட்டித் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். சப்பாத்தோடு வரம்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றடி, துவாய், மார்க்கர், மூன்று மட்டை.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எந்தப் பக்கம் பிள்ளை?"

"இடப்பக்கம்."

மண்வெட்டியை வரம்பில் குத்திவிட்டு ஏறினார். முதலில் குளக்கட்டுக்கு ஓடினோம், அங்கே நின்றால்தான் போனுக்குச் சிக்னல் வரும். ஆசையம்மாவின் போன் வேலை செய்யவில்லை. நான்கு தரம் அடித்தார். பிறகு என்னை மோட்டார்சைக்கிளில் ஏற்றினார். வீட்டுக்குப் போகவில்லை, காலைக் கழுவவில்லை, தண்ணீர் வாய்க்கால் திறந்தபடி கிடந்தது.

கிளிநொச்சியைத் தாண்டினோம். ஆனையிறவில் காற்று மோட்டார்சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளியது. அப்பா கத்திக் கேட்டார், "எவ்வளவு பிழைச்சிருக்கும்? ஒரு விரலோ, ரெண்டு விரலோ?" எனக்குத் தெரியாது. என் விரலை அவருடைய முதுகில் வைத்து அழுத்தி, "இவ்வளவுதான் அப்பா, இவ்வளவுதான்" என்றேன். விரலை எடுக்கப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரை அப்படியே வைத்திருந்தேன்.

கதிர் அறைக்கு முன்னால் நீட்டு வாங்குகளில் பெண்கள் தலையைத் துணியால் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஆசையம்மா ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அப்பாவைக் கண்டார். முழங்கால் வரை காய்ந்த சேறு, மடித்துக் கட்டிய சாரம், ஒரு காலில் மட்டும் செருப்பு.

"என்ன அத்தான், இஞ்சையும் விதைக்கக் காணி எடுத்திட்டியளே?"

வாங்கு முழுக்கச் சிரித்தது. அப்பாவால் மூச்சு வாங்கத்தான் முடிந்தது. "கோடு," என்றார். "கோடு... பிள்ளை சொன்னாள்."

ஆசையம்மா என்னைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே நின்றது. அந்த நேரம் உள்ளே இருந்து கதிர் மெஷினை இயக்குகிற தம்பி ஒருவர் வெளியே வந்தார். ஆசையம்மா அவரைக் கூப்பிட்டு, "தம்பி, இவள்தான் அந்தக் கோட்டுக்காரி" என்றார்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை ஆசையம்மா மெஷினுக்குக் கீழே படுத்த உடனேயே அந்தத் தம்பி கண்டுபிடித்துவிட்டார். "அக்கா, இது ஆர் போட்டது? எங்கட கோடு ஒருநாளும் இவ்வளவு நேரா இராதே" என்று கேட்டாராம். அளவெல்லாம் பைலில் இருந்தது. நல்ல ஏச்சுக் கொடுத்துவிட்டு, என் கோட்டைத் துடைத்து, திரும்ப அளந்து, வேறு கோடு போட்டார்கள். ஒரு மணித்தியால வேலை. வரிசையும் இல்லை, இரண்டு மாதமும் இல்லை. என் கோட்டால் ஒரு கதிரும் போகவில்லை.

"எவ்வளவு பிழைச்சிருந்தது?" என்று அப்பா கேட்டார்.

தம்பி என்னைப் பார்த்தார், சொல்லலாமா என்று யோசித்தவர்போல. பிறகு இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். எந்தப் பக்கம் என்று அப்பா கேட்கவில்லை. அவர் காட்டிய கை நெஞ்சின் நடுப்பக்கம், இதயத்துக்கு மேலே இருந்தது.

நான் அந்தக் கையையே பார்த்தேன். பிறகுதான் ஆத்திரம் வந்தது. "திங்கட்கிழமையே தெரியுமெண்டால் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"வெள்ளிக்கிழமை வந்து பகிடியாச் சொல்லுவம் எண்டு வைச்சிருந்தனானடி." ஆசையம்மாவின் குரல் சின்னதாகிவிட்டது. "நீ பயந்திருப்பாயெண்டு நான் நினைக்கேல்லை. நீ சிரிச்சுக்கொண்டெல்லோ போட்டனீ."

"நீங்கள்தானே சிரிக்கச் சொன்னனீங்கள்."

அவர் என் பள்ளிக்கூடச் சட்டையைப் பார்த்தார். சேறு தெறித்த வெள்ளைச் சட்டை, அவர் தைத்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அத்தனை மாதத்தில் ஆசையம்மா அழுததை அன்றைக்குத்தான் கண்டேன். அப்பா பக்கத்தில் போய் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், போன திங்கட்கிழமைப் பகிடியின் மிச்சத்தைச் சொல்லத் தொடங்கினார். அது நன்றாகவே இல்லை. ஆசையம்மா அழுதுகொண்டே அதைக் கடைசி வரை கேட்டார்.

பின்னேரம் ஊருக்குத் திரும்பியபோது எங்கள் வாய்க்காலை யாரோ அடைத்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் அளவாகப் பாய்ந்து நின்றது. யார் செய்ததென்று அப்பா கேட்டுப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "பிழை இல்லை, ஒண்டும் நடக்கேல்லை" என்றார். அம்மா வாசலிலேயே இருந்துவிட்டார். அம்மா அந்த வாளியை இன்றைக்கும் மறக்கவில்லை. ஆசையம்மாவுக்குக் குளிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் இப்போதும் திரும்பி நின்றுதான் கொடுக்கிறார்.

சனிக்கிழமை காலை வேலிக்கரையில் இலை முறிகிற சத்தம் கேட்டு எழும்பிப் போனேன். ஆசையம்மா கொக்கத்தடியை வலக்கையால் மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஒப்பரேசன் செய்த பக்கத்துக் கை மேலே போகாது. நிலத்தில் ஒரு கட்டுக்குக் காணாத குழை கிடந்தது.

"என்ன பாக்கிறாய்? நானும் அழுதனான்தானே," என்றார். பிறகு தடியை மரத்தில் சாத்திவிட்டு, "நீ எத்தினை தரம் அழுதனீ?"

நான் மூன்று விரலைக் காட்டினேன். பிறகு யோசித்து, மற்றக் கையையும் விரித்துக் காட்டினேன்.

"எங்கை வைச்சு?"

"பள்ளிக்கூட மலசலகூடத்துக்குள்ள."

ஆசையம்மா குனிந்து, கிடந்த குழையை ஒன்றாய்ச் சேர்த்தார்.

"சட்டத்தை மாத்துவம்," என்றார். "இனி எனக்கு முன்னாலை அழலாம். எவ்வளவும் அழலாம். ஒளிச்சு அழுதால்தான் குழை."

அவருக்கு இன்னும் ஒரு கிழமைக் கரண்ட் மிச்சம் இருந்தது. அதற்குப் பிறகு என்ன என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அது நன்றாகத்தான் முடிந்தது. கிளிநொச்சியில் தையல்கடை வைத்திருக்கிற ஆசையம்மாவிடம்தான் உங்களில் பாதிப்பேர் கலியாணச் சட்டை தைத்தீர்கள். ஆனால் அன்றைக்கு, அந்தப் பூவரசின் கீழே, எனக்கு அது தெரியாது. நான் அந்த இடத்திலேயே அவருடைய வலப்பக்கத் தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன், ஊதாக் கோடுகளில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். குழை வெட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. கொட்டிலுக்குள் ஆடு பசியில் கத்திக்கொண்டே இருந்தது.